நிலத்தடி நிலையத்தில் தலை எண்ணுகிறவள்

கடைக்காரர்களைச் சீனாவுக்குக் கூட்டிப்போகிற தொழிலில் சீன மொழி ஓரளவு தெரிந்திருந்தால் போதும். ஒன்றிலிருந்து பத்துவரை எண்ண மட்டும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். எண்ணுவது தலைகளை. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் பொறுப்பாகப் போன ஆசிரியர்களே, கல்யாண வீட்டுக்கு பஸ் பிடித்து ஆள் ஏற்றினவர்களே, யாத்திரைக் கூட்டத்துக்கு முன்னால் கொடி பிடித்து நடந்தவர்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரு தலை குறைந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

எனக்கு வீடு இலங்கையில், கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில். வீதி வேலைக்கு வந்திருந்த ஒரு சீனக் கம்பனியின் காரியாலயத்தில் ஆறு வருடம் இருந்தேன். வேலை முடிந்து அவர்கள் போய்விட்டார்கள். மொழி மட்டும் என்னிடம் மிஞ்சியது. பிறகு அக்குறணையில் ஒரு பயண முகவர் என்னைப் பிடித்துக்கொண்டார். வருடத்தில் நாலைந்து தடவை, அக்குறணை, பிலிமத்தலாவை, கண்டி டவுன் கடைக்காரர்கள் ஆறேழு பேரைச் சாமான் பார்க்கக் குவாங்சோவுக்குக் கூட்டிப்போகிறேன்.

நாங்கள் தங்குமிடத்திலிருந்து மொத்தச் சந்தைக்குப் போக மெட்ரோ ரயில்தான் வசதி. நடுவில் ஒரு நிலையத்தில் இறங்கி மாறி ஏற வேண்டும். நிலத்துக்குக் கீழே மூன்று தட்டு, மேலே ஏறிப்போகப் பதினொரு வாசல். காலை எட்டு மணிக்கு அங்கே நிற்கிற சனத்தைப் பார்த்தால், கண்டியில் பெரஹர ஊர்வலம் பார்க்க வந்த கூட்டம் அப்படியே எழுந்து வேலைக்குக் கிளம்பிவிட்டதோ என்று தோன்றும். எனக்கு நேர்ந்ததெல்லாம் அந்த ஒரு நிலையத்தில்தான்.

கதவு

முதல் பயணம். அக்குறணையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஸலீம் ஹாஜியார் கூட வந்திருந்தார். அறுபது வயது தாண்டியவர். ரயில் வந்து கதவு திறந்ததும், பஸ்ஸில் சீற் பிடித்தே பழகிய மனிதர், எல்லாருக்கும் முன்னால் பாய்ந்து உள்ளே போனார். எங்களுக்கு முன்னால் ஒரு கூட்டம் புகுந்தது. கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹாஜியார், இந்தப் பக்கம் நாங்கள் ஆறு பேர். அவர் கண்ணாடியில் கையை வைத்தார். ரயில் போய்விட்டது.

அவருடைய போனில் சீன சிம் இல்லை. சீன எழுத்தில் ஒன்றுகூட வாசிக்கத் தெரியாது. ஒரேயொரு ஆறுதல், முதல் நாளே எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தேன்: பிரிந்துபோனால் அடுத்த ஸ்டேசனில் இறங்கி அதே இடத்தில் நில்லுங்கள். இரண்டு நிமிடத்தில் வந்த ரயிலில் எல்லாரையும் ஏற்றி அடுத்த நிலையத்தில் இறங்கினேன். ஹாஜியார் இல்லை. மற்ற ஐந்து பேரையும் ஒரு தூணுக்கு முதுகு கொடுத்து நிற்கவைத்துவிட்டு மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினேன். நிலைய ஊழியர் ஒருவர் அடையாளம் கேட்டு வோக்கிடோக்கியில் சொன்னார்: வெள்ளைத் தொப்பி, சாம்பல் நிறச் சேர்ட், தாடி. எந்தப் பக்கத்திலிருந்தும் பதில் இல்லை. அவருடைய மூன்று மகன்மாரும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வந்து, “வாப்பாவப் பாத்துக்கோங்க” என்று என்னிடம் ஒப்படைத்த முகங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்துகொண்டிருந்தன. அப்போதுதான் எதிர்ப்பக்க மேடையில் ஒரு ரயில் புறப்பட்டது. அதன் ஜன்னலில் ஒரு வெள்ளைத் தொப்பி! என்னைக் கண்டதும் சந்தோசமாகக் கையைக் காட்டிக்கொண்டே வந்த வழியே திரும்பிப் போனார்.

பழைய நிலையத்துக்குத் திரும்பி அவரைக் கண்டுபிடிக்க மொத்தம் நாற்பது நிமிடம் ஆனது. யாரோ கொடுத்த பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து காகிதக் கப்பில் சுடுதண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். “நான் சொன்னது என்ன ஹாஜியார்?” என்று குரலை உயர்த்திவிட்டேன். அவர் கப்பைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “எறங்கி நில்லுங்க எண்டு செல்லினீங்க, மகள். நான் நிண்டேன். எவ்வளவு நேரம் நிக்கோணும் எண்டு நீங்க செல்லல்லியே.”

கத்தரிக்கோல்

செல்வராணி அக்கா கண்டி டவுனில் மூன்று தையல் மெசினோடு கடை நடத்துகிறவர். துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல் ஒன்று வாங்க வேண்டும் என்பது அவருக்குப் பல வருட ஆசை. அந்த நிலையத்து வாசலோரம் உள்ள ஒரு சின்னச் சந்தையில் நாற்பது கத்தரிக்கோலையாவது எடுத்து, காதோரம் வைத்துத் திறந்து மூடிச் சத்தம் கேட்டு, ஒன்றைத் தேர்ந்தார். அதைப் பையில் வைத்துக்கொண்டு நேரே நிலையத்துக்குள் வந்தோம். உள்ளே போகுமுன் எல்லாப் பைகளையும் எக்ஸ்ரே மெசினுக்குள் விட வேண்டும். நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன்; தப்பு என்னுடையதுதான்.

மெசினில் இருந்த பெண் கத்தரிக்கோலை வெளியே எடுத்தார். செல்வராணி அக்கா மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் விடவில்லை. பாதுகாப்பு ஊழியர் இரண்டு பேர் கேடயம் மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிட்ட வந்தார்கள். “அக்கா, கைய விடுங்க,” என்றேன். “முடியாது மிஸ்,” என்றார். பின்னால் வரிசை நீண்டது, ஆட்கள் போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு பொலிஸ்காரர் வந்தார். எங்கள் இருவரையும் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு முதல் கேள்வியாகக் கடவுச்சீட்டைக் கேட்டார். அது தங்குமிடத்துப் பெட்டகத்தில் இருந்தது.

அடுத்த அரை மணி நேரத்தில் என் சேர்ட் முதுகோடு ஒட்டிவிட்டது. என் போனில் எல்லாருடைய கடவுச்சீட்டின் படமும் இருந்ததால் தப்பினோம். அவர் அதைப் பதிந்துகொண்டார். பிறகு மரியாதையாகவே இரண்டு வழி சொன்னார்: கத்தரிக்கோலை இங்கே விட்டுவிட்டு ரயிலில் போகலாம், அல்லது கத்தரிக்கோலோடு மேலே போய் வேறு வாகனம் பிடிக்கலாம். நான் மொழிபெயர்த்து முடிக்குமுன் செல்வராணி அக்கா எழுந்து பையைத் தோளில் போட்டுவிட்டார். எல்லாருமாக மேலே ஏறி, சாலை நெரிசலில் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டு போனோம். இறங்கும்போது செல்வராணி அக்கா சொன்னார்: “நல்ல மனுசங்கதான் மிஸ். கத்தரிக்கோல ஒன்னும் செய்யல, நம்மளத்தான் வெளிய அனுப்பிட்டாங்க.”

ஓடும் படி

அக்குறணையில் துணிக்கடை வைத்திருக்கும் பாயிஸா ராத்தாவுக்கு ஓடும் படிக்கட்டு என்றால் பயம். பயணத்துக்கு முன்னால் கண்டியில் ஒரு கடைத்தொகுதிக்குக் கூட்டிப்போய் நாலு தடவை ஏற்றி இறக்கிப் பழக்கினேன். நாலாவது தடவை கைப்பிடியில் ஒற்றை விரலை மட்டும் வைத்துக்கொண்டு வந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அந்த நிலையத்துப் படிக்கட்டு கண்டியில் உள்ளதைப்போல மூன்று மடங்கு நீளம், வேகமும் கூட. மேலிருந்து கீழே பார்த்தால் தலை சுற்றும்.

பாதி வழியில் அவருடைய அபாயாவின் ஓரம் படிக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே போய்விட்டது. முதலில் அவர் குனிந்து இழுத்தார். பிறகு துணி அவரை இழுத்தது. முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். படி இறங்கிக்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து ஆறு வருடம் பேசிய மொழி என் வாயிலிருந்து ஓடிவிட்டது, “நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க!” என்று தமிழில் கத்தினேன். கீழே தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் தலையைத் தூக்கிப் பார்த்தார், துடைப்பத்தை எறிந்துவிட்டு ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அடித்தார். படி நின்றது. கீழே படி போய்ப் புகுகிற இரும்புப் பல்லுக்கும் பாயிஸா ராத்தாவின் காலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. ஊழியர்கள் வந்து தகட்டைக் கழற்றித் துணியை விடுவிக்க இருபது நிமிடம். அவ்வளவு நேரமும் அவர் கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் அபாயாவின் ஓரத்தை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். கறுப்பு எண்ணெய்க் கறை இருந்தது, கிழிசல் இல்லை. “எங்கட கடைத் துணி, மகள். மெசின் இழுத்தும் பிரியல்ல பாருங்க,” என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

மறந்துபோன சொல்

சிவபாலன் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் அரசாங்கப் பொறியியலாளராக இருந்து இளைப்பாறி அங்கேயே தங்கிவிட்டவர். தண்ணீர்ப் பம்பி பார்க்க வந்திருந்தார். எந்த நிலையத்திலும் என்னைவிட முன்னால் நடப்பார், வரைபடத்தைப் பார்த்து எனக்கே வழி சொல்வார். அன்றைக்கு ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நீளமான நடைபாதையில் திடீரென்று நின்றார். “பிள்ளை, லைற் குறைஞ்சு போச்சோ?” என்று கேட்டார். லைற் குறையவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை. நான் கையைப் பிடிக்குமுன் சுவரோடு சரிந்து தரையில் விழுந்தார்.

அவருக்கு நீரிழிவு என்று எனக்குத் தெரியும். காலையில் இன்சுலின் ஊசி போட்டதும் தெரியும். ஊழியர்கள் ஓடிவந்தார்கள், ஒருவர் இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கிற பெட்டியைத் திறந்தார், இன்னொருவர் சேர்ட்டைக் கழற்றப் பார்த்தார். “இதயம் இல்லை, இதயம் இல்லை,” என்று அவர்கள் மொழியில் சொன்னேன். பிறகு என்ன நோய்? அந்தச் சொல் வரவில்லை. சீமெந்து, கொங்கிறீட், கல் உடைக்கும் மெசின் எல்லாவற்றுக்கும் சீனப் பெயர் தெரிந்த எனக்கு நீரிழிவுக்குத் தெரியவில்லை. “இரத்தம், சீனி, கொஞ்சம்,” என்று உளறினேன். அவர்கள் விழித்தார்கள். நான் மண்டியிட்டு, என் வயிற்றில் ஊசி குத்துகிற மாதிரிக் காட்டினேன். ஒரு இளம் பெண் ஊழியருக்குப் பளிச்சென்று விளங்கியது. தன் சட்டைப்பையிலிருந்து இனிப்பு ஒன்றை எடுத்தார். ஆள் மயக்கமாக இருக்கும்போது வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும் என்று தானே யோசித்து, அதைத் திரும்ப வைத்துவிட்டு அறைக்கு ஓடிப்போய்ச் சீனியைக் குழைத்துக்கொண்டு வந்தார். ஐயாவைப் பக்கவாட்டில் திருப்பி, விரலால் கன்னத்தின் உட்புறம் தடவினோம். ஒரு தடவை. இரண்டு தடவை. மேலே ஆம்புலன்ஸ் வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். ஐந்தாவது தடவை அவர் என் விரலைக் கடித்தார். அவ்வளவு இதமான கடியை நான் வாழ்க்கையில் வாங்கியதில்லை.

ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது என்னைக் கிட்டக் கூப்பிட்டார். ஏதோ பெரிய விசயம் சொல்லப்போகிறார் என்று காதைக் கொடுத்தேன். “பிள்ளை, என்ர மனிசிக்குச் சொல்லிப் போடாதேங்கோ. விழுந்ததைச் சொன்னாலும் பரவாயில்லை, காலமை சாப்பிடேல்லை எண்டதைச் சொல்லாதேங்கோ.”

மழை

நிஸார் நானாவுக்கு அக்குறணையில் சமையல் பாத்திரக் கடை. வீடு அலவத்துகொடவில், மலையை வெட்டி எடுத்த நிலத்தில். மனைவி, இரண்டு மகள்மார். அந்தப் பயணம் புறப்படும்போதே கண்டிப் பக்கம் மழை. மழைக்காலத்தில் மழை பெய்கிறது என்று நாங்கள் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, நிலையத்தில் மாறி ஏற நின்றபோது அவருடைய போனில் ஒரு குரல் பதிவு விழுந்தது. மனைவியின் குரல். நான் பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது. “வீட்டுக்குப் பொறத்தால மண் வெடிச்சிரிக்கி. சேத்துத் தண்ணி வருது. புள்ளைகளக் கூட்டிக்கிட்டு…” அதோடு நின்றுவிட்டது. அரை மணி நேரத்துக்கு முன்னால் அனுப்பியது.

எடுத்தார். போகவில்லை. திரும்ப எடுத்தார். நாங்கள் எல்லாருமே எடுத்தோம்: அவருடைய தம்பிக்கு, பக்கத்து வீட்டுக்கு, பள்ளிவாசலுக்கு, கடையில் நிற்கிறவருக்கு. ஊரோடு சேர்த்து லைன் செத்துப்போயிருந்தது. நிஸார் நானா மேடைத் தூணோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் வந்தது, போனது. ஒலிபெருக்கி ஒவ்வொரு தடவையும் கதவுக்குக் கவனம் என்றது. சனம் அவருடைய காலைத் தாண்டிக்கொண்டு போனது. ஒரு பெண் ஊழியர் வந்து, இங்கே உட்காரக் கூடாது என்றார். “இவருடைய வீட்டுக்குப் பின்னால் மலை சரிகிறது, பிள்ளைகள் உள்ளே,” என்றேன். இந்தத் தடவை சொல் ஒன்றும் மறக்கவில்லை. அவர் போய் ஒரு முக்காலியும் போன் சார்ஜரும் கொண்டுவந்து, சுவரோரம் மின்செருகி இருக்கிற இடத்தில் வைத்தார்.

மேலே போனால் சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் என்று சொன்னேன். நிஸார் நானா மாட்டேன் என்றார். “அவட சத்தம் இங்கதான் வந்தது, தங்கச்சி. நான் இங்கிருந்து அசைய மாட்டேன்.” ஒரு கடைக்கும் போகாமல் மற்றவர்களும் சுற்றி நின்றார்கள். என் வீடு மகாவலி ஆற்றுக்குக் கிட்ட. அம்மாவுக்கு இரகசியமாக ஆறு தடவை எடுத்தேன். அதுவும் போகவில்லை. அதை யாருக்கும் சொல்லவில்லை. கூட்டிக்கொண்டு வந்தவள் முகம் விழுந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

ஒரு மணி நேரம் போனது. நிஸார் நானா போனையே பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். “ரெண்டு வருசமா செல்றா, பின்னுக்கு மதில் கட்டோணும் எண்டு. இந்தப் பயணம் முடியட்டும் எண்டேன். போன பயணத்துக்கும் அதுதான் செல்லினேன்.” செல்வராணி அக்கா அந்தப் பயணத்திலும் வந்திருந்தார். அவர் முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “பேசுங்க நானா, பேசிக்கிட்டே இருங்க,” என்றார். அவர் திரும்பவும் தம்பியின் நம்பரை அழுத்தினார்.

இன்னும் ஐம்பது நிமிடத்தில் போன் அடித்தது. தெரியாத இலங்கை நம்பர். நிஸார் நானாவின் கையிலிருந்து போன் கீழே விழுந்தது. செல்வராணி அக்கா எடுத்துக் காதில் வைத்துக் கொடுத்தார். சரியாக அந்த நேரம் ரயில் ஒன்று இரைந்துகொண்டு வந்தது. நிஸார் நானா மறு காதைப் பொத்திக்கொண்டு குனிந்தார். “ம்” என்றார். “ம்… ம்.” அவருடைய முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு, “பெரியவகிட்டக் குடு,” என்றார். கொஞ்ச நேரம் கேட்டார். “சின்னவகிட்ட,” என்றார். திரும்பவும் கேட்டார். லைன் அறுந்ததும் போனை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். முக்காலி கொண்டுவந்த ஊழியரும் கிட்ட வந்து நின்றார்.

கடைசியில் அவரே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்: “வீடு போயிட்டாம், தங்கச்சி. எல்லாரும் பக்கத்து ஸ்கூல்ல இரிக்காங்களாம். மூணு பேர்ட சத்தமும் கேட்டேன்.”

என் அம்மா போனை எடுத்தது அன்று இரவு, ஏழாவது தடவையில். விமானத்தில் தருகிற படிவத்தில் தொழில் என்று கேட்கிற இடத்தில் இன்றைக்கும் மொழிபெயர்ப்பாளர் என்றுதான் எழுதுகிறேன், ஆனால் உண்மையைச் சொன்னால், பூமிக்குக் கீழே மூன்றாவது தட்டில் நின்று காத்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.